அனஸ்டோமோசிஸ்: இணைப்பா, வாயிணைப்பா?

குடலில் நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கிய பின், எஞ்சிய இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதை அறுவை மருத்துவர்கள் அனஸ்டோமோசிஸ் என்பார்கள். நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது அவர்களே ‘குடலை வெட்டி ஜாயின் பண்ணியிருக்கிறோம்’ என்றுதான் சொல்வார்கள். தையல் விட்டுப்போனால் அது ‘லீக்’. தமிழில் எழுதுவோர் ‘குடல் இணைப்பு’ என்று எழுதிக் கடந்துவிடுவதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் மூலச்சொல்லின் உயிர்நாடி அதில் விடுபட்டுப் போகிறது.

கிரேக்கத்தில் ‘ஸ்டோமா’ என்றால் வாய். வாய் திறந்துவிடுதல் என்பதே அனஸ்டோமோசிஸுக்கு முதற்பொருள். சேர்த்தல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவரான எரசிஸ்திராட்டஸ், சிரைகளுக்கும் தமனிகளுக்கும் இடையே நுண்ணிய வாய்கள் உண்டென்றும், உடல் நலமாக இருக்கையில் அவை மூடியே கிடக்கும் என்றும் கருதினார். இரத்தக்குழாய்களைப் பற்றிய இந்தப் பேச்சிலிருந்துதான் சொல் மெல்லக் குடலுக்கு வந்தது. குழாய்கள் ஒன்றில் ஒன்று வாய் திறக்கும் இடம் எதுவோ, அது அனஸ்டோமோசிஸ்.

வாய் என்பதை நான் வலியுறுத்துவதற்குச் சொல்லாராய்ச்சி மட்டும் காரணமன்று. 1826இல் பிரெஞ்சு மருத்துவர் லெம்பேர், குடலின் வெளியுறைகள் ஒன்றையொன்று தொடும்படி விளிம்புகளை உள்நோக்கி மடித்துத் தைக்கும் முறையை விவரித்தார். கசிவைத் தடுக்க அது நல்ல வழி. ஆயினும் உள்ளே மடிந்த சதை, குடலின் உள்வெளியில் ஒரு வளையமாகத் துருத்தி நின்று வழியைக் குறுக்கும். இணைப்பு உறுதியாக இருக்கும்; வாய் சிறுத்திருக்கும். சிறுத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் கணக்கு, 1840களில் பிரெஞ்சு அறிவியலாளர் பாய்சொய் வெளியிட்ட ஆய்விலிருந்து கிடைத்தது. விறைப்பான நீண்ட குழாயில், இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு மாறாதிருந்தால், பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே ஆரம் கால்பங்கு குறைந்தாலே பாய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

குடலோ விறைப்பான குழாயன்று, தையல் வளையமும் நீளமானதன்று. எனவே அந்த வாய்பாட்டை அப்படியே பொருத்தாமல், கணினியில் குடலின் வடிவத்தை வரைந்து, அதன் உள்வெளியைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் பாய்மத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் பாய்ம ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளால் கணக்கிடுகிறார்கள். இதற்குக் கணிப்பியப் பாய்ம இயக்கவியல் என்ற பெயர் தமிழில் வழங்குகிறது. இரு குடல் துண்டுகளின் முனைகளையும் மூடி, அவற்றை அருகருகே கிடத்திப் பக்கவாட்டில் திறந்து தைக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். இங்கே வாயை வேண்டிய அளவு அகலமாக்கலாம்; ஆனால் பாய்மம் ஒரு துண்டிலிருந்து மற்றதற்குத் திரும்பிப் புகவேண்டியிருப்பதால், மூடிய முனைகளில் அது ஏறக்குறைய அசையாமல் தேங்கும். வேகத்தை நிறத்தால் குறிக்கும் படத்தில் அந்த மூலைகள் நீலமாகத் தெரியும். குடலின் அலையசைவையும், அசைக்க அசைக்கப் பாகுத்தன்மை மாறும் கூழ் உணவையும் கணக்கில் சேர்க்காத மாதிரியின் படத்தை நம்பி ஒரு தையல் முறையே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தப் படம் கேட்கும் கேள்வி, வாய் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதே.

தமிழுக்கு இது புதிதன்று. வாய்க்கால், புண்வாய், கருப்பைவாய் என்று திறப்புகளையெல்லாம் வாயென்றே சொல்லிவந்திருக்கிறோம். உணவுப்பாதையின் கடைக்கோடித் துளைக்கும் எருவாய் என்று பெயர் வைத்த மொழி, குடலுக்குள் ஒரு வாயைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. ஆகவே அனஸ்டோமோசிஸுக்கு வாயிணைப்பு என்பதே பொருந்தும் என்பது என் முடிவு. முனையோடு முனை சேர்ப்பது முனை வாயிணைப்பு, பக்கவாட்டில் சேர்ப்பது பக்க வாயிணைப்பு, ‘லீக்’ வாயிணைப்புக் கசிவு. அதே ‘ஸ்டோமா’விலிருந்து பிறந்த கோலோஸ்டமியில் வயிற்றின் மேல் திறந்து வைக்கும் துளையைக் குடல்வாய் எனலாம். தைத்த இடம் பின்னாளில் சுருங்கிவிட்டதைச் சொல்ல நேரும்போது, ‘இணைப்பு குறுகிவிட்டது’ என்பதைக் கேட்பவர் ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கும்; ‘வாய் குறுகிவிட்டது’ என்றால் யாருக்கும் உடனே விளங்கும்.