தலையை வெட்டினால் டம்ளர் பாடும்

பாத்திரச் சத்தத்தை வைத்தே இசை அமைக்கிறார்களே, தட்டிய டம்ளர் எப்படிப் புல்லாங்குழல் மாதிரி ஒலிக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்.

சுரம் மாற்றுவது எளிது. டம்ளர் சத்தத்தின் பதிவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் அதிர்வெண் இரட்டிக்கும். கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகிவிடும். வேகத்தை 1.0595ஆல் பெருக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு படியிலும் ஆர்மோனியத்தின் அடுத்த கட்டைக்குரிய சுரம் கிடைத்து, பன்னிரண்டாவது படியில் இரண்டு மடங்கு வந்துவிடும். ஆக, ஒரே ஒரு டம்ளர் போதும், முழு ஆர்மோனியக் கட்டையும் கையில்.

ஆனால் எந்தச் சுரத்தில் வைத்தாலும் அது டம்ளராகத்தான் கேட்கும். அங்கேதான் அந்த அழகான வேலை இருக்கிறது. கரண்டி பட்டதும் 'டிங்' என்று வரும் அந்த நொடியின் சிறு துளியில் எல்லா அதிர்வெண்களும் ஒன்றாக முண்டியடித்து வருகின்றன. அது அடங்கியபின் விளிம்பின் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். இது என்ன சத்தம் என்று நம் காது பெரும்பாலும் அந்த முதல் துளியை வைத்தே முடிவு கட்டுகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மெல்ல மெல்ல ஒலி கூட்டித் தொடங்குங்கள். டம்ளர் காணாமல் போயிருக்கும். யாரோ குழல் ஊதுவார்கள்.

1948இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் என்ற பொறியாளர் மணியோசையில் இதைச் செய்து பார்த்தார். 1960களில் லண்டன் பிபிசியில், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த டெலியா டெர்பிஷயர், பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்றைத் தட்டி, தட்டிய சத்தத்தை நீக்கி, ரீங்காரத்தை மட்டும் எடுத்து இசையாக்கினார். இரண்டுமே பொதுப் பணத்தில் நடந்த நிலையங்கள். உடனடிப் பயன் தெரியாத இத்தகைய தேடலுக்கு நம் பல்கலைக்கழகங்களிலும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேற்று எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கைபேசியில் பதிந்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வெட்டிப் பார்த்தேன். புது டம்ளர் நேராக ஒலித்தது. நசுங்கிய பழைய டம்ளரின் ஒலியோ அலையலையாக ஏறி இறங்கியது. வட்டம் கெட்டதால் விளிம்பு மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்களில் துடிக்கிறது. அவை சேர்ந்தும் விலகியும் வருவதால் இந்த அசைவு. அப்புறம் வேகத்தைப் பாதியாக்கினேன். அசைவும் பாதி வேகத்துக்கு இறங்கி, நல்ல பாடகர் நீட்டிப் பிடித்த கார்வைபோல் நின்றது.