காய்ச்சல் இறங்கிய பிறகும் ஜெபத்தை நிறுத்தாதீர்கள்

டிங்கிக் காய்ச்சலில் நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்கும் நேரமும், "அப்பாடா, விட்டது" என்று வீட்டார் மூச்சு விடும் நேரமும் பல சமயம் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு சபையிலும், ஒவ்வொரு வீட்டு ஜெபக் கூட்டத்திலும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட முடிந்தால் எங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும். நான் தாதியாகப் பணி செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் தவறாமல் போகிறவள். இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்ற உரிமையில் சில இடங்களில் சற்று அழுத்திப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜெபத்தின் பக்கம் நின்றே பேசுகிறேன். காய்ச்சல் கண்ட வீட்டில் பதற்றம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை எங்களைப்போல் பார்த்தவர்கள் குறைவு. பதறும் வீடு காலையில் ஒரு கிளினிக், மதியம் ஒரு கிளினிக், இரவு இன்னொன்று என்று அலையும். ஊசி போடாமல் அனுப்பினால் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கோபித்துக்கொள்ளும். மாமா வாங்கிக் கொடுத்த வலி மாத்திரை, அத்தை அரைத்த பப்பாளி இலைச் சாறு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கஷாயம் எல்லாம் ஒரே வயிற்றுக்குள் போகும். டிங்கிக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். இபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக்கசிவை வரவழைக்கும். தசையில் போடும் ஊசியும் வேண்டாம். பதறுகிறவர்களிடம் இதைச் சொன்னால் காதில் ஏறுவதில்லை. உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்தவர்களிடம் சொன்னால் ஏறுகிறது. கேள்வி கேட்கிறார்கள், தாளில் எழுதிக்கொள்கிறார்கள், மறுநாள் சொன்ன நேரத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்து நிற்கிறார்கள்.

உடம்பும் அதற்கு இசைந்து கொடுக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், ஒரு யோக மந்திரத்தை உச்சரிக்கவும் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாக நிதானப்பட்டது; இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து அசைந்தன. ஆக, ஜெபமாலை உருட்டும் நம் பாட்டிக்கும், முருகன் படத்துக்கு முன்னால் அமர்ந்து மந்திரம் சொல்லும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் மூச்சு ஒரே மாதிரிதான் அடங்குகிறது. விசுவாசத்தின் ஆழத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. ஆனால் பயந்த மனிதர் நிதானத்துக்கு வர இது நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை அந்த அமைதி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

டிங்கி மூன்று கட்டமாகப் போகும். முதலில் 2 முதல் 7 நாள் வரை கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பை அடித்துப் போட்டதுபோல் மூட்டு வலி. பிறகு, பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் 38 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதையொட்டி வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்துக் கட்டம். மெல்லிய ரத்த நாளங்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியும். உள்ளே மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும். ஹெமடோக்ரிட் என்ற அளவு ஏறுவது அதைத்தான் காட்டுகிறது. உறவினர்கள் எல்லாரும் போன் போட்டு "தட்டணு எத்தனை?" என்றுதான் கேட்கிறார்கள், ரத்தம் உறைய உதவும் அந்தத் தட்டணுவின் எண்ணிக்கையைப்போலவே, சில நேரம் அதைவிட அதிகமாக, டாக்டர் கவனிப்பது இந்த இன்னொரு எண்ணை. கசிவு கைமீறினால் ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். பெரும்பாலானவர்களுக்கு இப்படி நடப்பதில்லை, தாமாகவே தேறிவிடுகிறார்கள். யாருக்கு நடக்கும் என்பதை முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

இதில் இன்னொரு வஞ்சகம் உண்டு. கசிவு தொடங்கிவிட்ட நோயாளி பல நேரம் தெளிவாகவே பேசுவார். பெயர் கேட்டால் சொல்வார், வேதவசனம் கேட்டால் அதையும் சொல்வார். கையைத் தொட்டுப் பார்த்தால்தான் ஜில்லென்று இருக்கும்.

செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். புதன்கிழமை தொடங்கிய காய்ச்சல் ஞாயிறு விடியற்காலையில் விட்டது. சபை முழுவதும் அவருக்காக ஜெபித்திருந்ததால், ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். நெடுநேரம் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். மாலையிலும் வாந்தி. குணமாகிவிட்டது என்று சாட்சி சொன்ன அன்றைக்கே மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனால் நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் அவருக்கு. திங்கள் காலை அவரை எங்களிடம் கொண்டுவந்தபோது கை கால் சில்லிட்டு, நாடி நூல்போல் ஓடிக்கொண்டிருந்தது. டிரிப் ஏற்றி ஆம்புலன்சில் ஈப்போவுக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: டிங்கிச் சாட்சிகளை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். அறிவிப்பு நேரத்தில் ஆபத்து அறிகுறிகளையும் ஒருமுறை வாசியுங்கள்: கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, சில்லிட்ட கை கால், 4 முதல் 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் என்றால் அறிகுறி வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். டிங்கி என்று தெரிந்ததுமே டாக்டரின் கண்பார்வையில் இருக்கட்டும்.

அடுத்தது உபவாசம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அம்மா உபவாச ஜெபம் இருப்பது நம் வழக்கம். இருக்கட்டும். ஆனால் படுத்திருக்கும் பிள்ளையும், "மத்தியானம் வரைக்கும் நானும் இருக்கிறேன், அம்மா" என்று சேர்ந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். டிங்கியில் நீர்தான் மருந்து. உள்ளே கசிகிற நீருக்கு ஈடாக வாய் வழியாக நீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும்: உப்புச் சேர்த்த கஞ்சி, இளநீர், கிளினிக்கில் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல், பழச்சாறு, கடையில் கிடைக்கும் ஹண்ட்ரட் பிளஸ், எதுவானாலும் சரி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போதாது. நண்டு சூப்பைப் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். அது தட்டணுவை ஏற்றும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அதுவும் நீரும் உப்பும்தானே, நோயாளி ஆசைப்பட்டால் கொடுங்கள். நண்டு விற்கிற விலையில் வாரம் முழுவதற்கும் இளநீர் வாங்கிவிடலாம் என்பது என் சொந்தக் கணக்கு.

தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் நம்மவர் சுவரை விட்டுப் போகாத ஒன்று 91ஆம் சங்கீதம். "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எங்கள் ஊர் சபைக் குழுக்களில் அதிகம் வலம் வந்ததும் அதுதான். அந்த நாட்களில் இரவு வேலைக்குக் கிளம்பும்போது நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் போனேன். ஆனால் அந்தச் சங்கீதத்தை வேதாகமத்தில் இன்னொருவனும் எடுத்துச் சொல்கிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இயேசுவை ஆலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, "தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், குதியும்" என்று பிசாசு ஆதாரம் காட்டுவது அதே சங்கீதத்தைத்தான். இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று பதில் சொன்னார். கொசுவலை வேண்டாம், பரிசோதனை வேண்டாம், சங்கீதம் இருக்கிறது என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த உப்பரிகைதான் நினைவுக்கு வருகிறது.

எசேக்கியா ராஜா மரண வியாதியில் அழுது ஜெபித்தபோது ஆண்டவர் அவர் விண்ணப்பத்தைக் கேட்டார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, கட்டியின்மேல் பற்றுப் போட வைத்தார். 1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது ஊரை விட்டுப் போகாமல் நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்த மார்ட்டின் லூத்தரும், ஜெபிப்பேன், பிறகு வீட்டைப் புகையிட்டுச் சுத்தம் செய்வேன், மருந்து கொடுப்பேன், நானும் எடுத்துக்கொள்வேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் இருந்தவர் அவர்.

இனி, எங்கள் ஊரில் உருவான ஒரு நல்ல பழக்கம். அந்த 2020ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது, ஒரு சபையின் பெண்கள் சங்கம் சங்கிலி ஜெபத்தைப் போனுக்கு மாற்றியது. ஆளுக்கு ஒரு மணி நேரம். முடித்தவர் அடுத்தவரை அழைத்து எழுப்பிவிட வேண்டும். பிறகு டிங்கி பரவியபோது அதே அட்டவணையை வைத்துக்கொண்டார்கள். நான் செய்தது ஒன்றுதான்: நோயாளியின் வீட்டிலிருந்து நான்கு விவரங்களைக் கேட்டுக் குழுவில் எழுதிவிட்டு ஜெபத்தைத் தொடங்குங்கள் என்றேன். என்ன குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் போனார், வயிறு வலிக்கிறதா, கை சூடாக இருக்கிறதா. "எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரிந்து ஜெபிப்பது நல்லதுதானே, மிஸ்ஸி" என்று சங்கத் தலைவி அக்கா ஒப்புக்கொண்டார்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் விட்ட இரவு குழுவில் வந்த பதிவு இப்படி இருந்தது: "2 மணி. அரை டம்ளர் இளநீர். இரவு 10 மணிக்குப் பிறகு சிறுநீர் இல்லை. வயிறு வலிக்கிறதாம், கை கொஞ்சம் குளிர்ச்சி. ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்." 3 மணிக்கு முறை வைத்திருந்தவர் தோட்டத்தில் களை மருந்து அடித்து ஓய்வு பெற்ற பாட்டி. பதிவைப் படித்ததும் தன் முறைக்காகக் காத்திருக்காமல் அந்தப் பெண்ணின் அப்பாவை அழைத்து, "தம்பி, காரை எடு. நாங்கள் இங்கே ஜெபிக்கிறோம், நீ அங்கே போ" என்றார். போனார்கள். ஹெமடோக்ரிட் ஏறத் தொடங்கியிருந்தது. சில நாள் வார்டில் டிரிப்போடு கிடந்துவிட்டுப் பிள்ளை வீடு திரும்பியது. டாக்டர் குறிப்பேட்டில் கேட்கும் விவரங்கள் அத்தனையும் அந்தக் குழுவில் மணி வாரியாக இருந்ததைப் பார்த்து, "உங்கள் வீட்டில் யார் தாதி?" என்று வார்டில் கேட்டார்களாம்.

2019இல் மலேசியாவில் 130,000க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி வந்தது; 182 பேர் இறந்தார்கள். இந்த நாட்டில் 1902இல் பினாங்கில் முதலில் பதிவான நோய் இது, இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. வீட்டைச் சுற்றி என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அதை நீட்டவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் வீட்டுக்குப் பின்னால் கவிழ்க்காமல் கிடக்கும், ரப்பர் பால் பிடித்த பழைய மங்குகளை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

ஆலய வளாகத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் தேங்கிய நீர், கூரை நீர்த்தாரையில் அடைத்த இலை, பீடத்துப் பூச்சாடி. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி அபராதம் வரும். ஆலயம் என்று விலக்குக் கிடையாது.

எல்லாவற்றையும்விட மோசமான இடம் கல்லறைத் தோட்டம். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வைக்கும் பூச்சாடிகள் அப்படியே கிடக்கும். பேராக்கில் அந்த மாதம் மழை வேறு கொட்டும். சாடியில் தண்ணீருக்குப் பதிலாக ஈர மணலைப் போட்டால் கொசு முட்டையிட இடமிருக்காது, பூவும் வாடாது. இந்த ஆண்டு திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை எல்லாச் சாடிகளுக்கும் மணல் நிரப்ப இளையோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பாதரும் சரி என்றுவிட்டார். மணல் ஏற்றிவர ஒரு சிறிய லாரி வேண்டும். தோட்டத்தில் லாரி ஓட்டும் அண்ணன் யாராவது இதைப் படித்தால் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.