ஸ்லிங்: கவணா, ஏணையா?

பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இருமினாலும் தக்காளிக் கூடையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. 'ஸ்லிங் வைக்கலாம்' என்று மருத்துவர் சொன்னதும் பேரன் அகராதியைப் புரட்டி, 'கவண்' என்று படித்துக் காட்டினான். பெரியம்மா மிரண்டுபோனார். சாமைக் கொல்லையில் கிளி விரட்டிய கவணை உடம்புக்குள் எதற்கு வைக்கிறார்கள்?

பேரன் மேல் குற்றமில்லை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பழைய பொருள் கல்லெறியும் கருவிதான். பழைய நார்ஸ் மொழியில் எறிதலைக் குறித்த வினையோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். பாரம் தூக்கும் கயிற்றுக்கும், முறிந்த கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் துணிக்கும் அதே பெயர் வந்தது. அறுவை மருத்துவத்தில் வழங்குவது இந்தத் தாங்கும் பொருள். அதற்கு எங்கள் பக்கம் ஏணை இருக்கிறது. மற்ற ஊர்களில் தூளி.

'ஸ்ட்ரெஸ் இன்கான்டினன்ஸ்' என்ற நோயின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. 'ஸ்ட்ரெஸ்' என்பதை மன அழுத்தமாக எடுத்துக்கொண்டு, 'எனக்கு என்ன கவலை?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றுக்குள் எழும் அழுத்தம். 'இன்கான்டினன்ஸ்' என்பதன் வேர், பிடித்து வைத்தலைக் குறிக்கும் இலத்தீன் 'டெனேரே'. நூல்கள் 'சிறுநீர் அடங்காமை' என்கின்றன. எனக்கு ஒப்பவில்லை, அடங்காதவள் என்று அந்தப் பெண்ணையே ஏசுவதுபோல் இருக்கிறது. 'அழுத்தக் கசிவு' போதும்.

ஏணை என்று நான் விளக்கியதும் பெரியம்மா கேட்டார்: "எதில் கட்டுவார்கள்?"

சரியான கேள்வி. சிறுநீர் வெளியேறும் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலை நாடாவை இடுவது 1990களில் வந்த முறை. நாடாவின் இரு முனைகளும் அடிவயிற்று எலும்பின் பின்னால் மேலேறினால், விட்டத்தில் கட்டிய ஏணைபோல் ஆழமாகத் தொங்கும். 2001இல் வந்த மாற்றுவழியில் முனைகள் பக்கவாட்டில் தொடையிடுக்கு நோக்கிப் போகும். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஏணை, குழி குறைவு. அமெரிக்காவில் 597 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. ஓராண்டு முடிவில் பரிசோதனைகளின்படி பலன் மேலேறும் வகையில் 80.8, பக்கவாட்டு வகையில் 77.7 விழுக்காடு, ஏறத்தாழ ஒன்றுதான். தொல்லைகள்தாம் வேறு. மேலேறும் வகையில் சிறுநீர் சரியாகப் போகாமல் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் 2.7 விழுக்காடு, மற்றதில் ஒருவருமில்லை. கால் மரத்தல், பலவீனம் போன்ற நரம்புத் தொல்லை மேலேறும் வகையில் 4, பக்கவாட்டு வகையில் 9.4.

நாடாவை இழுத்துக் கட்டுவதில்லை என்பதுதான் இதன் நுட்பம். குழந்தையைப் போடும்வரை ஏணை துவண்டு கிடக்குமே, அப்படி. இருமும்போதுதான் அது வேலை செய்கிறது. இறுகிவிட்டால் சிறுநீர் கழிப்பதே சிரமமாகிவிடும்.

மூன்றாவது வகை, தாயின் பழம்புடவையில் கட்டிய ஏணை. நோயாளியின் வயிற்றுச் சுவரிலிருந்தோ தொடையிலிருந்தோ தசையுறைப் பட்டை ஒன்றை எடுத்துத் தாங்கலாக வைப்பார்கள். உடலின் சொந்தத் திசுவைக் கொண்டு தாங்கும் முயற்சி 1910இலேயே ஜெர்மனியில் தொடங்கிவிட்டது. வெட்டு பெரிது, தேற நாளாகும், சிறுநீர் கழிப்பதில் சிரமம் வரலாம். ஆனால் வலை அரித்து வெளியே நீட்டிக்கொள்ளும் பயம் இல்லை. வலை திசுவோடு ஒட்டி வளர்ந்துவிடுவதால், பிறகு முழுவதையும் எடுப்பது கடினம். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் வலை நாடாவை நிறுத்திவைத்த பிறகு இந்தப் பழைய முறையின் மதிப்பு கூடியது.

எழுத்தில் 'ஏந்துபட்டை' என்று போடலாம். ஏந்துதல் என்றால் அடியில் கை கொடுத்துத் தாங்குதல். பேச்சுக்கு ஏணையே போதும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை போவதற்குள் சிந்திவிடும் வகைக்கு இந்த ஏணை மருந்தல்ல.

இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை முதலில் மூன்று மாதம் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இது இரண்டாவது மாதம்.