வற்றுவதற்கென்றே ஒரு குட்டை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஓக்கும் மேப்பிளும் அடர்ந்த காட்டுக்குள் நடைபாதை போட்டுப் பாதுகாக்கிற இடங்கள் நிறைய உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் அப்படியொரு பாதையில் நடந்தால், மரங்களுக்கு நடுவே வாத்துக் கூட்டம் கத்துவதுபோல் சத்தம் கேட்கும். கிட்டே போனால் வாத்து ஒன்றையும் காணோம். ஒரு களத்துமேடு அளவுக்குக் குட்டை. அடியில் போன வருஷத்துச் சருகு. தண்ணீர் வெறும் டீயின் நிறம். காலடி அதிர்ந்ததும் சத்தம் சட்டென்று அடங்கும். கத்தியதெல்லாம் தவளை.

இதே குட்டைக்கு ஆகஸ்டில் போனால் பெரும்பாலும் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வெர்னல் பூல் என்பார்கள். வசந்தக் குட்டை என்று வைத்துக்கொள்வோம். பனி உருகியும் மழை பெய்தும் நிறையும், கோடையில் காய்ந்துபோகும். வற்றிப்போகிற குட்டையைப் போய் யாராவது பாதுகாப்பார்களா? ஆனால் வற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. வற்றுகிற இடத்தில் மீன் தங்காது. மீன் இல்லாததால்தான் தவளை முட்டைகளும், தவளையின் உறவான சாலமாண்டர் என்ற வாலுள்ள பிராணியின் முட்டைகளும் தப்புகின்றன. அதற்கு விலையும் உண்டு. தண்ணீர் காய்வதற்குள், இரண்டு மூன்று மாதத்தில், தலைப்பிரட்டை தவளையாகிக் கரையேறிவிட வேண்டும். மழை ஏமாற்றினால் அந்த வருஷத்துக் குஞ்சுகள் மொத்தமும் போச்சு.

ஆகவே முந்திக்கொள்கிறவனுக்கே லாபம். ஊட் ஃப்ராக் எனப்படும் இந்தக் காட்டுத் தவளை, ஓரத்தில் பனிக்கட்டி மிச்சமிருக்கும்போதே வந்துவிடுகிறது. எப்படி முடிகிறது? குளிர்காலத்தை அது ஆழத்தில் கழிப்பதில்லை. வெறும் சருகுக்கு அடியில் படுத்து, உறைந்தேபோகிறது. தோலில் முதல் பனித்துகள் பட்டதுமே கல்லீரல் தன் சேமிப்பைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் கொட்டுகிறது. செல்லுக்குள் இருப்பது பாகுபோல் ஆகிவிடுவதால் அங்கே பனி பிடிப்பதில்லை. செல்லுக்கு வெளியே, தோலுக்கடியில், வயிற்றறையில் மட்டும் பிடிக்கிறது. உடம்புத் தண்ணீரில் பாதிக்குமேல் கட்டியாகிவிடும். இதயம் நின்றுவிடும், மூச்சும் கிடையாது. எடுத்துத் தட்டிப் பார்த்தால் கூழாங்கல்தான். வெயில் ஏறிச் சருகு இளகியதும் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்குகிறது. மேலாகப் படுத்ததால் முதலில் இளகுவதும் இதுதான். முதலில் குட்டைக்கு வருவதும் இதுதான்.

சாலமாண்டர் கதை வேறு. பல்லிக்கும் தவளைக்கும் நடுவில் நிற்பதுபோல் உருவம், கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டுகள். வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு, குளிர் விட்ட முதல் மழை இரவில் கூட்டமாகக் குட்டையைத் தேடி நடக்கும். நடுவில் ரோடு வந்தால்? ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் இதற்காகவே 1987இல் ரோட்டுக்கு அடியில் சின்னச் சுரங்கப்பாதைகள் அமைத்தார்கள். குட்டையைச் சுற்றி மட்டும் வேலி போட்டால் போதாது என்பதும் இதனால்தான். அது தண்ணீரில் இருப்பது சில நாள், மற்றபடி சுற்றியுள்ள காடுதான் அதற்கு வீடு.

அது இட்ட முட்டைகள் மூழ்கிய குச்சிகளில் ஒட்டியிருக்கும். கைப்பிடி அளவு ஜெல்லி, நுங்குபோல் வழவழப்பு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையும் லேசான பச்சை. அழுகல் இல்லை, பாசி. கருவின் கழிவில் இருக்கும் நைட்ரஜன் பாசிக்கு உரமாகிறது. வெயிலில் பாசி விடும் ஆக்சிஜன், காற்று எளிதில் புகாத ஜெல்லிக்குள் கருவுக்குக் கிடைக்கிறது. இந்தக் கூட்டணி 1888லேயே தெரியும். 2011இல் வெளியான ஆய்வுதான் அசத்தல்: பாசி முட்டைக்குள் மட்டுமல்ல, கருவின் செல்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கிறது. முதுகெலும்புள்ள பிராணியில் இப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

அப்புறம், மல்லாந்தபடி நீந்தும் ஒரு குட்டி இறால் வகை. இறகுபோன்ற கால்கள் மேலே அலையலையாக ஆடும். இதன் உறவுகள் நம் பக்கத்து மழைக்குட்டைகளிலும் உண்டு. தண்ணீர் வற்றுமுன் முட்டையிட்டுச் செத்துவிடும். முட்டைகள் காய்ந்தும் உறைந்தும் வருஷக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். ஆகஸ்டில் வருகிறவர்கள் குட்டை இருந்த இடமே தெரியாமல், அந்த முட்டைகளின் மேல் சருகு நொறுங்க நடந்து போவார்கள்.