பாடு பெருத்தால் மீன்வகையும் பெருகுமா?

இந்த வருஷம் மீன் எப்படி என்று உவரியிலோ இடிந்தகரையிலோ கேட்டுப் பாருங்கள். எத்தனை பெட்டி ஏறியது, ஏலத்தில் என்ன விலை போனது என்றுதான் பதில் வரும். மீன்வள ஆய்வில் இருக்கும் எங்களுக்கு அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: எத்தனை வகை வந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு? பாடு, அதாவது பிடிபடும் மீன், நன்றாக இருந்தால் வகையும் நிறைய இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல சமயம் நேர்மாறாகத்தான் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தை எடுத்துக்கொள்வோம். குமரிமுனைப் பக்கம் காற்று பலமாக வீச, மேல்நீர் விலகி, அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் மேலேறும். அதில் சத்து அதிகம். நுண்பாசி பெருகும், அதைத் தின்னப் பேச்சாளை (மத்தி) கூட்டமாகச் சேரும், சாளையைத் துரத்திக்கொண்டு சூரையும் நெய்மீனும் வரும். கரையில் நல்ல சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆனால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பகுதி சாளையாகவே இருக்கும். பன்மையை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஷானன் குறியீடு, வகைகளை எண்ணுவதோடு நிற்காது. எல்லா வகையும் ஓரளவு சமமாக இருக்கிறதா என்றும் பார்க்கும். பத்து வகை இருந்தும் ஒன்றே முக்கால்வாசி என்றால் எண் இறங்கிவிடும். இதில் பதற ஒன்றுமில்லை, அது பருவத்தின் இயல்பு. மறுபடி ஏற வேண்டிய மாதங்களிலும் ஏறாவிட்டால்தான் கவலை.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வாடைக்குத் திரும்பி மழை இறங்கும். புன்னைக்காயலில் தாமிரபரணி வெள்ளம் கடலில் விழும்போது, கழிமுகத்தில் வளர்ந்த வெள்ளை இறால் வெளியேறும், மடவையும் கிடைக்கும். பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளை ஒட்டி வாழும் களவா, விளமீன், செப்பிலி எல்லாம் எந்தக் காற்றுக்கும் பெரிதாக இடம் மாறுவதில்லை. களவாவில் பெரும்பாலான வகைகள் பெண்ணாக வளர்ந்து, பெருத்தபின் ஆணாக மாறுபவை. பெரிய களவாவாகவே பார்த்துத் தூண்டிலில் எடுத்தால் பாரில் ஆண் மீன் அருகிவிடும்.

வலையும் கணக்கைக் கெடுக்கும், சொல்லிவிடுகிறேன். சாளை வலை போட்டால் சாளைதான் வரும். ஒரே வலை, ஒரே கண்ணி அளவு என்றால்தான் இரண்டு பருவங்களை ஒப்பிட முடியும். எனக்குப் பிடித்தது கரையில் நின்றே இழுக்கும் கரைமடி வலை. இழுத்து நல்ல மீனை எடுத்துக்கொண்டு போனபின் மணலில் கிடப்பதைக் குனிந்து பாருங்கள்: விரல் நீளக் காரல், ஊதிப்போன பேத்தை, நகம் அளவு நண்டுக்குஞ்சு, கண்ணாடி போன்ற குட்டிப் பாரை மீன். நான் முதலில் எண்ணுவது அந்தக் கழிவைத்தான்.

அப்புறம் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம். நம் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச்சாளை அதிகம் முட்டையிடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும் நேரம் அது. நம் ஊர்களில் நிறைய இருக்கும் ஃபைபர் வள்ளங்களைத் தடை கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆகவே அந்த இரண்டு மாதம் எல்லா மீனுக்கும் காவல் என்று நம்பி இருந்துவிட முடியாது. சினைச் சாளையாகவே படும் நாட்களில் வலையைக் கொஞ்சம் முன்னதாக ஏற்றுவது சங்கங்களே பேசி முடிவெடுக்கக் கூடிய விஷயம்.

சிங்கி இறாலுக்கு நாமே செய்யக் கூடியது இன்னும் அதிகம். நம் பாறைக் கரையில் அதிகம் படும் பானுலிரஸ் ஹோமாரஸ் வகையில் 200 கிராமுக்குக் கீழ் உள்ளதை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2003-லேயே விதி வந்துவிட்டது. வயிற்றடியில் முட்டைக்கொத்து ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் புதிது. பழுப்பாகிவிட்டால் பொரிக்கப் போகிறது, உயிரோடு கடலில் விட்டுவிடுங்கள். முட்டையைச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. வாங்குபவர்கள் திருப்பிப் போட்டு வாலடித் துடுப்புகளைப் பாருங்கள். சுரண்டியிருந்தால் ஓரத்து மயிரிழைகள் பிய்ந்திருக்கும்.