குளிரறை 6535 டிகிரி காட்டினால் சென்சாரைக் கழற்றாதீர்கள்

உறைந்த மீன் வைக்கும் அறை. கையில் இருக்கும் தெர்மாமீட்டர் -18.5 காட்டுகிறது; கண்காணிப்புத் திரையிலோ 6535.1 டிகிரி. சிங்கப்பூரின் ஜூரோங், செனோக்கோ பக்கத்துக் குளிர்கிடங்குகளில் புதுக் கருவி பொருத்துபவர்கள் இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பழி முதலில் சென்சார் மேல்தான் விழும். மாற்றினாலும் அதே எண்தான் வரும், ஏனென்றால் சென்சார் சரியாகவே அனுப்புகிறது.

சென்சார் தன் அளவை மோட்பஸ் என்ற தொழிற்சாலைத் தகவல் தொடர்பு முறையில் அனுப்புகிறது. அதில் ஓர் எண்ணை வைக்கும் இடம் ரிஜிஸ்டர்; ஒரு ரிஜிஸ்டரில் 16 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 16 இடங்கள். தசமப் புள்ளிக்கு இடமில்லாததால் பல சென்சார்கள் அளவை 10-ஆல் பெருக்கி அனுப்பும். கழித்தல் குறிக்கும் தனி இடம் கிடையாது. அதனால் -185-க்குப் பதில் 65536 - 185, அதாவது 65351 போகிறது. வாங்கும் நிரல் அதைக் குறியற்ற எண்ணாக (கழித்தல் குறியே வராத எண்ணாக) எடுத்து 10-ஆல் வகுத்தால் 6535.1.

இதுதான் 2-ன் நிரப்பு முறை. 8 பிட்டில் பார்த்தால் எளிது. 18 என்பது 00010010. எல்லா பிட்டையும் புரட்டினால் 11101101, அதோடு 1 கூட்டினால் 11101110. இது -18. இதே பிட்டுகளைக் குறியற்றதாகப் படித்தால் 238, அதாவது 256 - 18. இடது ஓரத்து பிட்டின் மதிப்பு 128 அல்ல, -128 என்று வைத்துக்கொண்டால் கணக்கு தானாகப் பொருந்தும். எல்லை -128 முதல் 127 வரை.

இவ்வளவு சுற்றி வளைப்பது கழித்தலுக்காகத்தான். 20 - 18 வேண்டுமா? 00010100-உடன் 11101110-ஐக் கூட்டுங்கள்: 1 00000010. ஒன்பதாவது பிட்டை விட்டுவிட்டால் 2. 4 - 18 என்றால் 11110010 வரும். புரட்டி 1 கூட்டினால் 14, ஆகவே விடை -14. கழிக்கத் தனி மின்சுற்று தேவையில்லை. இரண்டாம் எண்ணைப் புரட்டி, கூட்டும் மின்சுற்றுக்கு முதல் கேரியாக (கூட்டலில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணாக) 1 கொடுத்தால் போதும். எண் குறியுள்ளதா அற்றதா என்பது அந்தச் சுற்றுக்குத் தெரியவே தெரியாது. அதை முடிவு செய்வது படிக்கிற நிரல்.

கோளாறு ஒளிந்துகொள்வதும் இங்கேதான். -18.5-க்கும் -20.0-க்கும் வித்தியாசம் எடுத்தால் 65351 - 65336 = 15, அதாவது 1.5 டிகிரி. சரியான விடை! இதைப் பார்த்துவிட்டு நிரலில் தவறில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். 0.5-லிருந்து -0.5-ஐக் கழியுங்கள்: 5 - 65531. விடையை 16 பிட்டிலேயே வைத்தால் 10, அதாவது 1.0 டிகிரி. 32 பிட்டில் கணக்கிட்டால் -6552.6. எண்ணை அகலப்படுத்தும்போது புது இடங்களில் 0 போட்டதால் வந்த வினை. குறியைக் காட்டும் இடது ஓரத்து பிட்டைத்தான் அங்கே நகலெடுக்க வேண்டும்.

அவசரத் திருத்தங்கள் இன்னும் மோசம். 65536-க்குப் பதில் 65535-ஐக் கழித்தால் -18.4 வரும். 0.1 டிகிரி என்பதால் யார் கண்ணிலும் படாது. ‘1000-க்கு மேல் வந்தால் தள்ளிவிடு’ என்று எழுதினால், 0 முதல் 4 டிகிரியில் வைக்கும் சில்லர் அறை உறைந்துபோகும் நேரத்து அளவுகள்தான் பதிவிலிருந்து காணாமல் போகும். எதுவும் செய்யாமல் விட்டாலோ மேல் எல்லை அலாரம் ஓயாமல் அடிக்கும், யாராவது அதை அணைத்து வைப்பார்கள்; கீழ் எல்லை அலாரம் அடிக்கவே அடிக்காது.

சிங்கப்பூரில் பட்டறை மேசையில் வைத்துச் சோதித்தால் இது தெரியாது. 30 டிகிரிக்கு 300 வரும். எப்படிப் படித்தாலும் 300தான். உறையவைக்கவும் வேண்டாம், மோட்பஸ் சிமுலேட்டரில் எண்களை நேரடியாக எழுதுங்கள். 65535-க்கு -0.1, 65351-க்கு -18.5 காட்ட வேண்டும். 32768-க்கு -3276.8 வரும், சில தயாரிப்பாளர்கள் இதையே சென்சார் பழுதுக் குறியீடாக வைத்திருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். -32768-ஐ 16 பிட்டில் குறி மாற்றினால் மறுபடியும் -32768தான் கிடைக்கும், +32768-க்கு இடமில்லை.

கூட்டும்போது எல்லை தாண்டுவது தனிச் சிக்கல். 8 பிட்டில் -100 - 60 செய்தால் 96 வரும். ஒரே குறியுள்ள இரண்டைக் கூட்டி வேறு குறி வந்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது விடை எல்லைக்குள் அடங்கவில்லை. கேரி வெளியே வருவது மட்டும் அதற்கு அடையாளம் அல்ல.

பிஎல்சியில் (தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியில்) அந்த ரிஜிஸ்டரின் வகையைக் குறியற்ற யூஇன்ட் என்பதிலிருந்து குறியுள்ள இன்ட் ஆக்கினால் வேலை முடிந்தது. பைதான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு நிலையான அகலம் இல்லை. 32768 அல்லது அதற்கு மேல் வந்தால் 65536-ஐ நீங்களே கழிக்க வேண்டும். பழைய பதிவுகளையும் தூக்கிப்போட வேண்டாம்: 6535.1 என்று சேமித்ததிலிருந்து 6553.6-ஐக் கழித்தால் -18.5 திரும்பிவிடும். ஆனால் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு தனி அளவுகளை அழித்திருந்தால், 60 அளவுகளில் ஒன்று பிறழ்ந்தாலே அந்த மணி நேரச் சராசரி சுமார் 109 டிகிரி ஏறியிருக்கும். அப்போது பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை அளவுகள் இருந்தன என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அதைச் சீராக்க முடியும்.