கஞ்சமலை வீரனுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

சேலத்துப் பக்கம் நடக்கிற ஒரு கற்பனைக் கதை. நாயகன் கஞ்சமலை அடிவாரத்தில் இரும்பு உருக்கும் ஊரில் பிறந்த வாள்வீரன். அவனுக்குப் பெயரும் பட்டமும் வேண்டும்.

முதலில் ஓசை. 1929இல் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் இரண்டு உருவங்களை வரைந்தார். ஒன்று கூர்கூராக இருக்கும், மற்றது குமிழ் குமிழாக வளைந்திருக்கும். பொருளே இல்லாத ‘டகேட்டே’, ‘பலூமா’ என்ற இரு பெயர்களில் கூரானதற்கு ‘டகேட்டே’யைத்தான் பெரும்பாலோர் பொருத்தினர். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ‘பூபா’, ‘கிக்கி’ என்ற சொற்களைக் கொண்டு 25 மொழிக்காரர்களிடம் இதையே சோதித்தது. சராசரியாக 72 விழுக்காட்டினர் கூரானதற்குக் ‘கிக்கி’, வளைந்ததற்குப் ‘பூபா’ என்று எதிர்பார்த்தபடியே பொருத்தினார்கள். அதே 1929இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர், ‘மில்’, ‘மால்’ இரண்டும் மேசையின் பெயர்கள், எது பெரிய மேசை என்று கேட்டார். பெரும்பாலோர் ‘மால்’ என்றார்கள். ‘ஆ’ சொல்லும்போது வாய் அகலத் திறக்கிறது, ‘இ’ சொல்லும்போது நாக்கு மேலெழுந்து வாய்க்குள் இடம் குறைகிறது. அதனால் ‘இ’யின் ஒலியில் உயர் அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கும். சிறிய உடலிலிருந்து வரும் குரலும் அப்படித்தான் இருக்கும்.

தமிழில் எழுதுவோர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. வல்லின எழுத்தைப் போட்டால் பெயர் வன்மையாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினம் தளர்ந்துவிடும். ‘நாகன்’ என்பதில் வரும் ‘க’வைச் சொல்லிப் பாருங்கள், காற்று முழுதாக அடைபடுவதே இல்லை. மெல்லினத்துக்குப் பின் வந்தால் அதிர்வொலி சேர்ந்துகொள்ளும், ‘சிங்கன்’ போல. இரட்டித்தால்தான் கதை மாறும். ‘சாத்தன்’ என்பதில் நாக்கு பல்லில் ஒட்டிச் சற்று நேரம் நிற்கிறது. அந்த அடைப்புக்குப் பின்னால் காற்றழுத்தம் ஏறி, பிறகு வெடித்து வெளியேறுகிறது. காதுக்கு அடி விழுவது அந்த இடத்தில். ‘வேலன்’ கையில் வேலே இருந்தாலும் பெயரில் அடைப்பொலி கிடையாது. அடியாளைவிட ஆலோசகருக்குத்தான் பொருந்தும். நம் வீரனுக்குக் ‘கொற்றன்’ சரி. நடுவே ‘ற்ற’ இருக்கிறது, விளித்தால் ‘கொற்றா!’ என்று திறந்த நெடிலில் முடிகிறது. சேர்வராயன் மலைச்சரிவில் நின்று கத்தினால் எதிர்ச்சரிவுக்கு எட்டும்.

எந்தப் பெயரையும் முடிவு செய்யுமுன் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். கொற்றனை, கொற்றனுக்கு, கொற்றனால்: வழுக்கிக்கொண்டு போகிறது. ‘க்ரோத்ஸ்வர்க்ஸ்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டு நானூறு பக்கம் அதற்கு ‘ஐ’யும் ‘கு’வும் ஒட்டிப் பாருங்கள்! எதிரியின் பெயர் வேறு எழுத்தில் தொடங்குவது நல்லது. வாசகர் பெயரின் முதலெழுத்தையும் நீளத்தையும் பிடித்துக்கொண்டுதான் வேகமாகப் படிப்பார். ஆகவே கொற்றனுக்கு எதிரி கொடியன் வேண்டாம், ‘எயினன்’ இருக்கட்டும்.

இனிப் பட்டம். ஐரோப்பிய முறையில் ‘சர்’ என்பது இயற்பெயரோடு ஒட்டும். 1705இல் அந்தப் பட்டம் பெற்ற நியூட்டன் ‘சர் ஐசக்’தான், ‘சர் நியூட்டன்’ என்பது பிழை. அங்கே பட்டத்தோடு கையிலுள்ள ஒரு பொருளும் மாறும். வால்முனை உள்ள கொடி வைத்திருந்த வீரனைப் போர்க்களத்தில் உயர்த்தும்போது, அந்த வாலை வெட்டிக் கொடியைச் சதுரமாக்கினார்கள். தமிழ் மரபில் படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டத்தோடு மோதிரம் கிடைத்தது. ராஜராஜனின் தளபதி ஒருவருக்கு ‘மும்முடிச்சோழ பிரமராயன்’ என்று அரசனின் பட்டப்பெயரையே சேர்த்துக் கொடுத்தார்கள். உங்கள் கதையிலும் பட்டத்தை யார் கொடுத்தார், கையில் என்ன கொடுத்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். கொடுத்த அரசன் வீழ்ந்தால் அந்தப் பெயரே வீரனுக்கு ஆபத்தாகிவிடும். கதைக்கு அது லாபம்.

வினையால் அமையும் பட்டங்களுக்குச் சங்கப் பாடல்களின் குறிப்புகளை மிஞ்ச ஆளில்லை. ‘தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை’: ஊர், செயல், பெயர். ‘எறிந்த’ என்றால் இங்கே தாக்கி வென்ற என்று பொருள். தகடூர் இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த பகுதி. ‘வல்வில் ஓரி’க்கு ஆயுதமே அடைமொழி. அவன் கொல்லிமலைத் தலைவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு சொல்கிறது. அடைமொழிக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி நிற்கிறது. ‘இருளின் பேரரசன்’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் எதுவும் நிற்பதில்லை.

ஊரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ‘ஏற்காடு கொண்டான்’ என்றால் வாசகருக்குப் படகு இல்லமும் கோடை விழாவும்தான் முன்னால் வரும். மலைக்கோட்டை உள்ள சங்ககிரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ‘கஞ்சமலைக் கொற்றன்’ என்பதில் ஒற்று மிகுந்து இன்னோர் அடைப்பொலி இலவசமாகக் கிடைக்கிறது. ‘சங்ககிரி எறிந்த கொற்றன்’ என்பதில் மிகாது, பெயரெச்சத்துக்குப் பின் ‘க்’ போடுவது பிழை. அந்தப் பட்டத்தைப் போருக்கு முந்தைய அத்தியாயத்தில் யாரும் உச்சரிக்கவும் கூடாது. ராஜேந்திரன்கூட வடக்கே படை அனுப்பிய பிறகுதான் ‘கங்கைகொண்ட சோழன்’ ஆனான்.

எதிரி முகாமில் இந்தப் பட்டம் செல்லாது. எயினனின் ஆட்கள் ‘சங்ககிரி எறிந்த’ என்று வாய் தவறியும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அவன் ‘கொல்லன் மகன்’தான்.